முதல் தேய்மானம்

ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்திருக்காவிட்டால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. பட்டறை நடுவில் தொங்கிய குழல் விளக்கின் கீழே அந்த பேஸ் கிட்டார் குற்றம் குறை இல்லாமல்தான் இருந்தது. எட்டு மாதம் காத்திருந்த பொருள் கைக்கு வந்தால் யாரும் முதலில் கட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள், குறை தேட மாட்டார்கள். அவளும் வாரைத் தோளில் மாட்டி, எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, கழுத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டி, "மாஸ்டர், வெண்ணெய்!" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அப்புறம்தான் மரத்தின் ரேகையை வெயிலில் பார்க்கலாமே என்ற ஆசையில் ஜன்னலுக்குப் போனாள்.

சாய்வாக விழுந்த வெயிலில், கழுத்தின் மேல் ஒட்டியிருந்த விரல் பலகை முழுக்கத் தழும்புகள்.

அரிசி மணி அளவில் சின்னச் சின்னப் பள்ளங்கள். எண்ணெய் பூசி மறைத்திருந்தது. எண்ணெய் நேர் வெளிச்சத்தை ஏமாற்றும், சாய்ந்த வெளிச்சத்தை ஏமாற்றாது.

சாதாரண பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே ஃப்ரெட் என்று உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் பட்டை சுருதியைக் காப்பாற்றிவிடும். இவள் செய்யச் சொன்னதில் பட்டையே கிடையாது. தந்தியை வெறும் மரத்தின் மேலேயே அழுத்த வேண்டும், சுருதிக்கு வாசிப்பவரின் காதும் விரலும்தான் பொறுப்பு. அந்தத் தந்தியும் கம்பி மேல் கம்பி சுற்றியது, ஒரு மெல்லிய அரம் மாதிரி. வாசிக்க வாசிக்க விரல் விழும் இடங்களில் மரத்தை அரிக்கும். வழவழவென்று லாக்கர் என்ற கெட்டி மெருகைப் பூசினால் அரிக்காது.

"லாக்கர் வேண்டாம்" என்று அவள் எட்டு மாதம் முன்பே சொல்லியிருந்தாள்.

"தேஞ்சிடுமேம்மா" என்றார் மாஸ்டர் அப்போது.

"தேயணும் மாஸ்டர். அதுக்குத்தான் கேக்கறேன். நான் தேய்க்கணும்."

மாஸ்டருக்கு வாத்தியக்காரர்கள் மத்தியில் 'அரை மில்லி' என்று பெயர். அரை மில்லிமீட்டர் விட்டால் ஆளையே விட்ட மாதிரி என்பார். அன்றைக்கு அவள் கையை ஒரு காகிதத்தில் வைத்து வரைந்து, சுண்டு விரல் நுனி வரை அளந்து, கழுத்தின் பருமனை அவள் பிடிக்குத் தக்கபடி குறைத்துத் தருவதாகச் சொன்னார். பின்சுவரில் சாய்ந்திருந்த பலகைகளில் ஒன்றை, விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, அவளேதான் பொறுக்கினாள். ஈட்டி மரம். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் தன் வலது கை விரல் முட்டி இருக்கையின் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் கையில் அதுவரை இருந்தது அண்ணனுடைய பழைய பேஸ். அண்ணனுக்குப் புதிது வந்ததும் பழையது இவளுக்கு இறங்கியது, சைக்கிள் இறங்கிய மாதிரி, பென்சில் பெட்டி இறங்கிய மாதிரி. கணக்குப் புத்தகம் இறங்கியபோது அதில் விடைகளைக்கூட ஏற்கனவே எழுதியிருந்தான். பாதி தப்பு. அந்தப் பழைய பேஸின் பட்டைகளில் அண்ணன் விரல்கள் அழுத்திய இடமெல்லாம் குழி. இருபது வருஷம் அந்தக் குழிகளில்தான் இவள் விரல்கள் இறங்கி ஏறின. பிறர் செருப்பைப் போட்டு நடப்பது போலத்தான். நடக்க முடியாது என்றில்லை, கால் விரல்கள் மட்டும் யாரோ படுத்த பள்ளத்தில் படுத்திருக்கும்.

"மாஸ்டர், இதை யார் வாசிச்சது?"

அரை மில்லி ஒரு உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த உளியை மறுபடியும் துடைத்தார்.

"யாரும்மா வாசிப்பாங்க? நான்தான், சுருதி பாக்க ரெண்டு நிமிஷம்."

"உங்க சுண்டு விரல் நல்லாத்தானே இருக்கு?"

"ஏன், என் விரலுக்கு என்ன?"

"அப்ப நீங்க இல்ல."

அண்ணனுக்குப் பதினோரு வயதில் இடது சுண்டு விரல் சைக்கிள் சங்கிலியில் மாட்டி வளைந்துபோனது. அது எட்டாத இடத்துக்கு மோதிர விரலை இழுத்துக்கொண்டு போவான். இந்தப் பலகையிலும் சுண்டு விரல் விழ வேண்டிய இடங்களில் புள்ளி இல்லை, ஈரத் தரையில் செருப்பு வழுக்கியது போல ஒரு இழுப்பு இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

"ரெண்டு நிமிஷத்துல இப்படி ஆகாது மாஸ்டர். ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"அது வந்து தங்கச்சி…"

"வந்துட்டுப் போயாச்சு. போனதைச் சொல்லுங்க."

அரை மில்லி முக்காலியில் உட்கார்ந்தார். "இடி வந்தாரு" என்றார். இடி என்றால் அண்ணன். அவன் மேடையில் முதல் தந்தியைத் தட்டினால் நாற்காலி அதிரும் என்று யாரோ வைத்த பெயர். "ரெக்கார்டிங்ல இந்த வழுக்கற சத்தம்தான் வேணும்னாங்களாம். தங்கச்சியோடதுதானே மாஸ்டர்னாரு. மூணு வாரம்தாம்மா. தப்பா எடுத்துக்காதே, புது மரம் வாசிக்க வாசிக்கத்தான் வாய் திறக்கும். நல்ல கையா இருந்தா நல்லாத் திறக்குமேன்னு குடுத்தேன்."

"அப்ப என் கை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட எண்ணமே இல்லாத முகம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"ஆர்டர் நோட்டை எடுங்க."

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"எடுங்க மாஸ்டர்."

தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அவள் கை வரைந்த காகிதம் அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்தியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: இடி தங்கச்சி. பேஸ். பட்டை இல்லை. லாக்கர் இல்லை. பெயர் இல்லை என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. அவள் அன்றைக்குத் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். எண் இருந்தது.

டீக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று உள்ளே போன மனிதர் அங்கிருந்தே ஃபோன் செய்திருக்க வேண்டும். கொதி வருவதற்குள் அண்ணன் வாசலில் நின்றான். நாலு தெரு தள்ளித்தான் வீடு.

"என்ன பாப்பா, பட்டறையைத் தலைகீழா நிறுத்திட்டியாம்?"

அவன் நாற்பத்தாறு வயதிலும் அவளைப் பாப்பா என்பான். அதில் பாசமும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை வருஷமாக மறுத்துப் பேச வாய் வந்ததில்லை.

"என்னோடதை ஏன் எடுத்தே?"

"சத்தம் எப்படி இருக்கு தெரியுமா? மூணு பாட்டு! வெளிவரட்டும், கேட்டுட்டு நீயே கட்டிப்பிடிச்சுப்பே. உன் பேஸ் உனக்கு முன்னாடியே பெரிய ஆளாயிடுச்சு."

"எடுத்ததைக் கேக்கறேன்."

"சொல்லாம எடுத்துட்டேன், சரி. என்ன இப்போ?"

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா தரமாட்டேன்னு தெரியும். அதான் கேக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தான். அரை மில்லியும் கூடவே சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா பாரு. இரு, அம்மாவே சொல்லட்டும்." ஃபோனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, மரத்தூள் படிந்த மேசையில் நிறுத்தினான். இது அவர்கள் வீட்டு உச்ச நீதிமன்றம். தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும்.

அம்மா முழுக்கக்கூடக் கேட்கவில்லை. "அண்ணன்தானேடி எடுத்தான், அசலானா எடுத்தான்? அவன் கை பட்டா தேஞ்சா போயிடும்?"

"தேஞ்சுதாம்மா போயிருக்கு. வந்து பாரு."

"சின்னதுல இருந்தே உனக்கு இந்தக் கணக்குப் பாக்கற புத்தி போகல. விட்டுக் குடுத்துப் போடி."

"விட்டுட்டேம்மா. குடுக்கத்தான் இல்ல, அவனே எடுத்துக்கிட்டான்" என்று சொல்லி அவள் ஃபோனை அணைத்தாள்.

அந்த நேரத்தில்தான் அது தன் முகத்தில் வருவதை அவள் உணர்ந்தாள். கன்னங்கள் தளர்ந்து, உதட்டோரம் தானாகவே விரிந்து, 'சரி, பரவாயில்லை' என்று சொல்லத் தயாராகும் அந்த முகம். அவள் அழைக்காமலேயே வரும். எத்தனை பரவாயில்லைகள். ஒவ்வொன்றும் சொல்லும்போது பெருந்தன்மையாக இருந்தது. இரவில் படுக்கும்போது மட்டும் எதையோ எங்கேயோ வைத்து மறந்த மாதிரி இருக்கும்.

பொறாமையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருக்கலாம். அண்ணன் நன்றாக வாசிப்பவன், அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமில்லை. பலகையை மறுபடி வெயிலில் சாய்த்தாள். புள்ளிகளில் ஒன்றுகூடத் தப்பான இடத்தில் இல்லை. அங்கேதான் வலித்தது. இனி இவள் வாசித்தால் விரல் அந்தப் பள்ளங்களில் தானே போய் உட்காரும். சுருதி சரியாகத்தான் இருக்கும். அது தன் காது பிடித்த சுருதியா, அண்ணன் தோண்டிவைத்த சுருதியா என்று சாகும் வரை தெரியாது. சரியாகவே எழுதியிருந்தாலும், விடை எழுதின புத்தகம்தான்.

முகத்தில் வந்ததைத் திருப்பி அனுப்பினாள். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மாஸ்டர், இந்தப் பலகையைக் கழட்டணும்."

"கழட்டறதா!" அரை மில்லி எழுந்தே விட்டார். "எதுக்கும்மா? மேலாக்க ஒரு அரை மில்லி இழைச்சா எல்லாம் போயிடும். யாருக்கும் தெரியாது."

"அரை மில்லி விட்டா ஆளையே விட்ட மாதிரின்னு சொன்னது யாரு மாஸ்டர்?"

அவர் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார்.

"என் பிடிக்கு அளந்து செஞ்ச கழுத்து. அதுல அரை மில்லி குறைச்சா அது என் பிடி இல்ல. நான் தட்டிப் பாத்து எடுத்த பலகையில பாதி இன்னும் பின்னாடி இருக்கு, வரும்போதே பாத்தேன். அதுல புதுசு போடுங்க."

"ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"ஆகட்டும்."

"பாப்பா, பத்து நாள்ல உன் கச்சேரி" என்றான் அண்ணன். சிரிப்பு போய்விட்டிருந்தது. "முதல் தடவையா உன் பேர்ல போடறது. ஏழு பாட்டுல நாலு இதுக்குன்னே கட்டினதுதானே? இது இல்லாம எப்படி?"

எல்லாம் தெரிந்துதான் எடுத்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

"நாலு பாட்டை மாத்திக்கறேன். பழைய பேஸ்ல வாசிக்கறேன். அது உன்னோடதுன்னு சொல்லித்தான் என்கிட்ட வந்துச்சு. அது யாரையும் ஏமாத்தல."

அரை மில்லி கடைசியாக ஒரு முறை முயன்றார். "நான் ஒட்டினதை நானே பிரிக்கறதா? கை வருமா சொல்லு."

"உங்களுக்கு வராட்டி நான் பிரிக்கறேன். எப்படின்னு சொல்லுங்க."

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தந்திகளைத் தளர்த்திக் கழற்றிய பிறகு அவர் அலமாரியிலிருந்து எடுத்தது ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி. சூட்டில் பசை இளகும், இளகிய இடத்தில் மெல்லிய தகட்டுக் கத்தியைச் செருகிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அன்றைக்கு முதன்முதலாக.

"பெட்டியைக் குடுங்க மாஸ்டர். நீங்க கத்தியப் பாத்துக்குங்க."

"கையச் சுட்டுக்குவியேம்மா."

"இவனோட மேடைச் சட்டையெல்லாம் இருபது வருஷம் யார் தேச்சதுன்னு நினைச்சீங்க? எவ்வளவு சூடு எங்கே வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் மேசையிலிருந்த ஃபோனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஈரத்துணியை விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து, ஒரு சாண் சூடேறியதும் நகர்த்தினாள். அரை மில்லி மூச்சை அடக்கிக் கத்தியை நுழைத்தார். எண்ணெயும் பசையும் கலந்து எரிந்த வாடை. நடுவில் ஓரிடத்தில் பசை 'சடக்' என்று விட்டபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். கடைசி விரற்கடையில் பலகை தானாகவே எழும்பிக்கொடுத்தது.

அவள் அதைத் துணியில் சுற்றி அண்ணனிடம் நீட்டினாள்.

"இந்தா. சூடா இருக்கு, பாத்துப் பிடி."

"இதை வெச்சு நான் என்ன பண்ண?"

"எனக்குத் தெரியாது. உன்னோடது."

அவன் துணியை விலக்கி, அவள் செய்த மாதிரியே ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஒரு இழுப்பின் மேல் தன் மோதிர விரலை வைத்தான், வளைந்த சுண்டு விரல் பக்கத்தில் சும்மா நின்றது.

"இப்படியா தெரியுது?" என்று கேட்டான். அவளிடமா, தன்னிடமா என்று தெரியவில்லை.

ஆர்டர் நோட்டு இன்னும் மேசையில் விரித்தபடியே கிடந்தது. அவள் பென்சிலை எடுத்து முதல் வரியை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். பிறகு பின்சுவரில் சாய்ந்திருந்த மிச்சப் பலகையிடம் போய், அரை மில்லி பார்த்துக்கொண்டிருக்க, விரல் முட்டியால் மறுபடி ஒரு முறை தட்டிக் கேட்டாள்.

அண்ணன் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். கதவருகே அவன் திரும்பியபோது, காலர் மடிப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சரியாகத் தேய்க்கப்படாமல் இருப்பதை அவள் பார்த்தாள். சொல்லவில்லை.