மாதம் மூன்று முறை

ரத்தம் ஏழு பாயிண்ட்தான் இருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, மருந்துச் சீட்டின் அடியில் ‘ரெஸ்ட்’ என்று எழுதிக் கோடும் போட்டார். மாத்திரை சூளகிரி மருந்துக் கடையிலேயே கிடைத்தது. ரெஸ்ட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு எழுந்து பால் கறக்க வேண்டும், களி கிண்ட வேண்டும். ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி. எட்டு மணி நேரம் நின்றபடியே ஒயர் கட்டிவிட்டு வந்தால் பாத்திரங்கள் எனக்காகக் காத்திருக்கும். சீட்டை என் வீட்டுக்காரர் மாதேஷிடம் காட்டினேன்.

“ஞாயித்துக்கிழம எடுத்துக்கோ மேகலா,” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கச்சி குடும்பத்தோடு சாப்பிட வரும் நாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குத் தூரமானால் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் மூன்று நாள். அடுப்பைத் தொடக்கூடாது, மாட்டைத் தொடக்கூடாது, சோற்றுத் தட்டு தேடி வரும். கம்பெனிக்கு மட்டும் போகலாம். சம்பளத்துக்குத் தீட்டு கிடையாது. கல்யாணமான புதிதில் அங்கே உட்கார்ந்து அவமானத்தில் அழுதிருக்கிறேன். இப்போது யோசித்துப் பார்த்தால், ஊரிலேயே ரெஸ்ட் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்.

அந்த மாதம் எனக்கு மூன்று முறை தூரமானது.

முதல் முறை நிஜம். மற்ற இரண்டும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தவை. மாதேஷ் காலண்டரைப் பார்த்தார், விரல்களை மடக்கினார், வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அதைப் பற்றி ஆம்பளை கேட்பது அதைவிடப் பெரிய தீட்டு. கம்பெனி லீவு நாளில், பதினோரு வருஷத்தில் முதன்முறையாக, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

மாமியார் வெங்கடம்மாள்தான் சும்மா இருக்கவில்லை. மாடும் அடுப்பும் அவர் தலையில் அல்லவா விழுந்தது!

“போன வாரந்தானடி தலைக்கு ஊத்துன?”

“கம்பெனி ஏசி அத்த. ஒடம்பு கெட்டுப்போச்சு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நொண்டிக்கொண்டே போனார்.

மறுநாள் கம்பெனி லீவு. விடிந்தும் அடுப்புப் புகையைக் காணோம். அத்தை கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். முடியைப் பிடித்து இழுப்பார், ஊரைக் கூட்டுவார், என் தூக்கம் இன்றோடு சரி.

கக்கத்தில் இருந்தது பாய். என் பாய்க்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார்.

“என்னம்மா?” என்று ஓடிவந்தார் மாதேஷ்.

“தூரம்டா.”

அத்தைக்கு வயது அறுபத்திரண்டு.

“அம்மா, உனக்குத்தான்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, வானத்தைப் பார்த்தார்.

“எனக்கு என்னடா? கேளு.”

அவர் கேட்கவில்லை.

“பால் வண்டி வந்துரும், போயி மாட்டக் கற. அப்புறம் களியக் கிண்டு.”

அத்தை காலை நீட்டினார். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

“எத்தன நாளா அத்த?”

“நாலு வருசமா.”

“டாக்டர்கிட்ட காட்டலியா?”

“காட்டுனேன். ரெஸ்ட் எடுன்னாங்க. நின்னுபோனவ நான், எங்கடி போயி எடுக்கறது?”

நான் என் தலையணையை அவர் முழங்காலுக்கு அடியில் வைத்தேன். களி கட்டி கட்டியாக வந்து சேர்வதற்குள் அவர் தூங்கிப்போயிருந்தார்.