ஏழு கிளைக்கும் பஸ் இருக்கு

“எட்டு மாசமா அந்த வேலையை யார் சார் பாத்தா?”

“நான் இல்லேன்னா சொல்றேன்? நீங்க கொஞ்சம்...”

“ஏழு கிளைக்கும் யார் போய்ட்டு வந்தா? ஜீப் பாதி நாள் ஒர்க்‌ஷாப்ல கெடந்துச்சே, அப்ப யாரு...”

“நீங்கதாம்மா. என்னைப் பேச விடுங்க. லைசென்ஸ் கட்டாயம்னு விளம்பரத்துல...”

“நான் வண்டி ஓட்டணுமா? நான்?”

இயக்குநரின் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறார் என்று காலடியிலேயே அவளுக்குத் தெரிந்தது. பார்வை பத்து வயதில் மங்கத் தொடங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். ஜன்னல் பக்கம் பழுப்பாக ஒரு வெளிச்சம், அதற்கு முன்னால் இயக்குநர் அளவுக்கு ஒரு இருட்டு. அந்த இருட்டைப் பார்த்துத்தான் அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

உடற்குறை உள்ளவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, வேலையும் தேடிக்கொடுக்கிற தொண்டு நிறுவனம் அது. அவள் அங்கே தொலைபேசி எடுக்கச் சேர்ந்தவள். பதினோரு வருஷத்தில் மனிதவளப் பிரிவின் அலுவலர். எந்தக் கோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று விரலாலேயே சொல்லிவிடுவதால் எல்லோருக்கும் அவள் ஃபைலக்கா. மனிதவளப் படிப்பைத் தபால் வழியில் முடித்தது காலை பஸ்ஸில். பக்கத்தில் உட்கார்ந்து புருஷன் தொழிலாளர் சட்டத்தைச் சத்தமாகப் படிப்பார். முன்சீட்டுக்காரர் ஒருநாள் திரும்பி, “அந்த போனஸ் பிரிவை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார், எங்க முதலாளிகிட்ட சொல்லணும்” என்று கேட்டிருக்கிறார். அப்படிப் படித்த படிப்பு.

போன மேலாளர் ராஜினாமா செய்த நாளிலிருந்து பொறுப்பு அவளிடம்தான். பதவிக்கு விளம்பரம் வந்ததும் மனுப் போட்டாள். பதினோரு பேர் போட்டிருந்தார்கள். தேர்வு செய்ய வந்த மூன்று பேரும் வெளியாட்கள். அவள் முகமோ வேலையோ அறியாதவர்கள். அட்டவணையைப் பார்த்தார்கள், இருசக்கர வாகன உரிமம் என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே காலியாக இருந்தது, ஒதுக்கிவிட்டார்கள். மூன்று பேரை நேர்காணலுக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளோடு சேர்த்து மீதி எட்டுப் பேர் வேண்டாம்.

“இத்தனை பேரைச் சேத்துக்கிறோம்னு ஊருக்கெல்லாம் சொல்றோம். வாசல்ல என் போட்டோவை மாட்டி வெச்சிருக்கீங்க. வர்ற விருந்தாளிங்களை எல்லாம் என் மேசைக்குக் கூட்டிட்டு வந்து, கம்ப்யூட்டர் எப்படிப் படிக்குதுன்னு காட்டுங்கன்னு சொல்றீங்க. நானும் காட்டறேன். இந்த ஒரு வரியை உங்களால எடுக்க முடியாதா சார்?”

“விளம்பரம் வந்து, மனுவும் வாங்கியாச்சு. இப்ப ஒருத்தருக்காக விதியை மாத்தினா, மத்த பத்துப் பேரு சும்மா இருப்பாங்களா? அடுத்த தடவை கண்டிப்பா எடுத்துடலாம்.” இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “அதுவும் இல்லாம, அந்த வரியைப் போட்டதே நீங்கதானேம்மா.”



அவள்தான் போட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேற்பார்வையாளரைச் சேர்த்து இரண்டு வாரம் கழித்துத்தான் ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று வெளியே வந்தது. இதையெல்லாம் முன்னாடியே கேட்க மாட்டீர்களா என்று எல்லோர் முன்னாலும் அவளுக்குத் திட்டு விழுந்தது. அன்றைக்கு மாலையே விளம்பரப் படிவத்தைத் திறந்து, மேற்பார்வையாளர், மேலாளர் பதவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வரியைத் தட்டினாள். மறுநாள், நீங்கள் இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலையில்லை என்று இதே இயக்குநர் பாராட்டினார். மேலாளர் பதவிக்குத் தானே ஒருநாள் மனுப் போடுவோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தடவை விளம்பரம் போகும்போது கணினி அந்த வரியைக் காதுக்குள் படித்தது. கேட்டாள். வேலை எனக்குத்தானே, எனக்குக் கண் தெரியாதது இவர்களுக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிட்டாள்.

“புதுசா யார் வந்தாலும் நீங்கதான் எல்லாம் சொல்லித் தரணும்” என்றார் இயக்குநர். “வேண்டாம்னு அனுப்பற அந்த எட்டு லெட்டர்ல உங்களுக்கு மட்டும் வேணாம்மா. வாயால சொல்லியாச்சே.”

“விதி சார். எல்லாருக்கும் லெட்டர் போகணும்.”

கதவை அவளே திறந்துகொண்டு வந்தாள். நடைவழியில் தன் புகைப்படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பக்கம் தோள் உரசாமல் நடந்தாள்.

மேசையில் உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். மற்றவர்களுக்கு வண்டு ரீங்காரம் மாதிரிக் கேட்கும் வேகத்தில் கணினி படிக்க, கடிதங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தகுதி விவரங்களைக் கவனமாகப் பரிசீலித்தோம். எட்டாவது கடிதத்தில் மேலேயும் அவள் பெயர், கீழே கையெழுத்து இடத்திலும் அவள் பெயர். கணினிக்கு அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஒரே குரலில் இரண்டையும் படித்தது. தபால் பிரிக்கிற பெண் அச்செடுத்து வந்து, கையெழுத்து இடத்தில் அவள் விரலை வைத்தாள். எட்டாவது தாளில் அந்தப் பெண் மேலே இருந்த பெயரைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, இது... உங்களுக்கா?”

“எனக்குத்தான். கவர்ல போட்டு ஒட்டு.”

இந்த வரியால் இதுவரை எத்தனை பேர் ஒதுக்கப்பட்டார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காது கேளாதவர்கள், கை இல்லாதவர்கள், வலிப்பு உள்ளவர்கள். எல்லாக் கடிதமும் இந்த மேசையிலிருந்துதான் போயிருக்கிறது. பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மூன்று வருஷத்துக்கு முன்னால் மூன்று தடவை போன் செய்தார். பயிற்சி மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போட்டவர், ஊன்றுகோல் வைத்து நடப்பவர். ஏழு கிளைக்கும் பஸ் இருக்கு மேடம், நேரமெல்லாம் விசாரிச்சு எழுதி வெச்சிருக்கேன், படிக்கட்டுமா என்று கேட்டு, அனுமதிக்குக் காத்திராமல் படிக்கவும் ஆரம்பித்தார். இரண்டாவது கிளை வரும்போது அவள் குறுக்கிட்டு, “விதி சார், என் கையில எதுவும் இல்ல” என்று வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அந்தப் பட்டியலே தபாலில் வந்தது. கோப்பில் வைத்தாள்.

பொறுப்பு அவளுக்கு வந்து, ஜீப்பும் படுத்துக்கொண்ட முதல் வாரத்தில், அதே கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவினாள். தபால் பிரிக்கிற பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கணினியில் தட்டி வைத்துக்கொண்டாள். வண்டி எண்ணைப் பார்க்க முடியாதவளுக்கு நேரம் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அந்த நிமிஷத்துக்கு வந்து நிற்கிற சத்தம் அதுவாகத்தான் இருக்கும். ஏறும் முன் ஒரு தடவை கேட்டால் போதும். எந்த நிறுத்தத்தில் படி உயரம், எங்கே நடத்துநர் கை கொடுப்பார் என்றுகூட அதில் எழுதியிருந்தது. எட்டு மாதம் அதை வைத்துத்தான் ஓட்டினாள். யார் எழுதியது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது அடுக்கு, இடமிருந்து ஆறாவது கோப்பு. பட்டியல் அனுப்பியவரின் போன் எண்ணைப் படிக்கச் சொல்லி, பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுத் தானே சுழற்றினாள்.

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். அவள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் சத்தம் நின்றது.

“என்ன மேடம், மறுபடியும் லெட்டரா?” என்றார் அவர். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். அந்த விதியை எழுதியவள் நான்தான் என்று தொடங்க வேண்டும். நாக்கு அங்கே போகவில்லை. மேசை ஓரத்தில் எட்டு உறைகள் ஈரப் பசையோடு கிடந்தன. விரல் தானாக மேலே இருந்ததைத் தடவிக்கொண்டிருந்தது.

“இல்ல சார். நீங்க எழுதி அனுப்பினீங்களே, பஸ் நேரம்... எல்லாம் சரியாத்தான் இருக்கு. மூணாங்கிளைக்குப் போற ஏழரை மணி வண்டி மட்டும் இப்ப ஏழேகாலுக்கே வந்துடுது.”