ஷெட் தராசே இறுதி

பந்தயத்துக்கு மொத்தம் பதினோரு விதிகள். பதினொன்றையும் வேதாசலம் தன் கையாலேயே அட்டையில் எழுதி, எறா ஷெட்டின் வாசல் தூணில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எண்பத்து மூன்றாம் வருடம், பங்குனி மாதம். அதற்கு முன் கோட்டைக்குப்பத்தில் எழுத்தில் விதி என்று எதுவும் இருந்ததில்லை. சண்டை வந்தால் யாருக்குத் தொண்டை பெரிதோ அவர் பக்கம் நியாயம்.

வேதாசலம் மெட்ராஸ் எறா கம்பெனி ஒன்றின் ஏஜென்ட். குப்பத்தில் பிடிபடும் எறா எல்லாம், சின்ன இறாலோ பெரிய இறாலோ, அவர் ஷெட்டில் எடை போட்டுத்தான் ஐஸ் பெட்டியில் ஏறும். அடுத்த மாதம் மீனவர் சங்கத் தலைவர் தேர்தல். அந்த நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண். மெட்ராஸில் மச்சான் வீட்டுக்குப் போனபோது, ஏதோ ஒரு கிளப்பில் பிள்ளைகள் மரத்தில் சின்னச் சின்னக் கார் செய்து சாய்வுப் பலகையில் ஓடவிடுவதைப் பார்த்தார். விதி அச்சடித்த தாள் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, இளைஞர்களுக்கு மரக்கார் பந்தயம், முதல் பரிசு புது சைக்கிள் என்று அறிவித்துவிட்டார்.

சைக்கிளை ஷெட்டின் நடுவில், பாலிதீன் உறை பிரிக்காமல் நிறுத்தி வைத்தார். குப்பம் வரிசையில் வந்து பார்த்தது. அது எங்கேயும் போகப்போவதில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவர் மகன் ரங்கனுக்குப் பதினேழு வயது. அவனுடைய காரை மெட்ராஸில் ஒரு தச்சர் செய்துகொண்டிருந்தார். சைக்கிள் ஓட்டு சேகரித்துவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடும். ரங்கன் ஆசைப்பட்டபடி அதற்கு மணியும் பொருத்தியாகிவிட்டது.

அந்த சைக்கிளை இன்னொரு ஆள் வேறு கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லம்மா. ரங்கன் வயதுதான். மூன்று வருடமாக அதே ஷெட்டில் எறாவுக்குத் தலை கிள்ளுகிறவள். அவளுடைய அம்மா முனியம்மா, கூடையைத் தலையில் சுமந்து காட்டூர் வரை நடந்து மீன் விற்கிறவள். போன ஐப்பசியிலிருந்து முனியம்மாவுக்குக் கழுத்து திரும்புவதில்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பையே மொத்தமாகத் திருப்பிப் பார்ப்பாள். சைக்கிள் கேரியரில் கூடை எப்படி உட்காரும் என்று எல்லம்மா கண்ணாலேயே அளந்து முடித்திருந்தாள்.

வீட்டில் பேச்சு எடுத்ததும் முனியம்மா உடம்பை மொத்தமாகத் திருப்பினாள்.

“பொட்டப்புள்ள சைக்கிள் வுட்டா ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். உன் கழுத்த ஊரா வந்து தேய்ச்சி வுடுது?”

“நைனாவ கேளு.”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா துளசிங்கம் தலை தூக்கவில்லை. “பொண்ணுங்க கூடாதுனு விதியில போட்டுக்கீறானா?”

“பதினொன்னையும் படிச்சிட்டேன். போடல.”

“அப்ப என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

வேதாசலம் அந்த விதியை எழுத மறந்திருந்தார். ஒரு பெண் வந்து நிற்பாள் என்று தோன்றினால்தானே எழுதுவார். நான்காம் விதி, போட்டியாளர் தன் கையாலேயே கார் செய்ய வேண்டும் என்றது. அது ரங்கனுக்கு இல்லை என்று எங்கும் எழுதவில்லை. எல்லோரும் தாங்களாகப் புரிந்துகொண்டார்கள். ஆறாம் விதி, அச்சில் எண்ணெய் தடவக்கூடாது. எட்டாம் விதி, காரின் எடை இருநூறு கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒன்பதாம் விதியை எழுத வேதாசலத்துக்கு மெட்ராஸ் தாள் தேவைப்படவில்லை. பத்து வருடமாக ஷெட் சுவரில் அவரே எழுதி வைத்திருந்த வாசகம். கை பழக்கத்தில் தானாக ஓடியது. “எடை விஷயத்தில் ஷெட் தராசே இறுதி. மறுபேச்சு கிடையாது.”

எல்லம்மா அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தாள். பிறகு உள்ளே போய், ஒன்றும் தெரியாதவள் போல எறா கிள்ள உட்கார்ந்தாள்.

அந்தத் தராசை அவளுக்குத் தெரியும். தினமும் தட்டைக் கழுவி வைப்பது அவள்தான். எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில் கை வைத்தால், படகுக்குப் பூசும் கீல் ஓர் உருண்டை அப்பியிருக்கும். எறா அந்த உருண்டையையும் சேர்த்துத் தூக்கினால்தான் முள் நேராக நிற்கும். ஐம்பது கிராம் இருக்கும் என்று அவள் உள்ளங்கை சொன்னது. பத்து கிலோ கூடைக்கு ஐம்பது கிராம் போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் இருநூறு கிராம் காருக்கு அது கால் பங்கு. சரிவில் கனம் கூடின கார்தான் கூடுதல் தூரம் ஓடும்.

கட்டுமரத்தில் ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்து, ஒரு வாரம் அரிவாள்மனையில் உட்கார்ந்து கார் செதுக்கினாள். அது காரைவிட கொடுவா மீன் போல இருந்தது. வயிற்றைக் குடைந்து, வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உள்ளே அடுக்கினாள். தட்டு கழுவும் நேரத்தில் இருநூறு கிராம் கல்லுக்கு எதிரே தராசில் போட்டுப் பார்ப்பாள். முள் ஆடும். இன்னொரு குண்டு. முள் கொஞ்சம் அசையும். அரைக் குண்டு. கடைசியில் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. மூடியை மெழுகு வைத்து அடைத்தாள்.

பந்தயத்தன்று ஷெட் வாசலில் மூன்று படகுப் பலகையைச் சேர்த்துச் சரிவு போட்டிருந்தார்கள். முடிவுக்கோடு ஒரு வலைக்கயிறு. நடுவராக, பழவேற்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கௌஸ் மைதீன் வந்திருந்தார். வேலையை விட்டாலும் பையை விடாத மனிதர்.

பதினான்கு கார்கள். எல்லாம் தராசில் ஏறி இறங்கின. இருநூறைத் தாண்டிவிடுமோ என்ற பயத்தில் பையன்கள் நூற்றியிருபது, நூற்றிமுப்பதிலேயே நிறுத்தியிருந்தார்கள். ரங்கனுடையது சிவப்பு பெயின்ட் அடித்துப் பளபளத்தது. தச்சர் அதை நகைக்கடைத் தராசில் போட்டுச் சரியாக இருநூறு ஆக்கித் தந்திருந்தார். ஷெட் தராசு அதை நூற்றைம்பது என்றது. ரங்கன் அப்பாவைப் பார்த்தான். வேதாசலம் கூட்டத்தைப் பார்த்து கை கூப்பிக்கொண்டிருந்தார்.

எல்லம்மாவின் கொடுவா ஏறியதும் முள் நேராக நின்றது.

“சரியா இருநூறு,” என்றார் கௌஸ் மைதீன். “இன்னாம்மா, கடையில சொல்லி வெச்சு செஞ்சியா?”

“இல்ல பாய். கை அளவுதான்.”

இரண்டிரண்டாக ஓடவிட்டார்கள். நீலமேகம் என்கிற பையன் ஆறாம் விதியைக் காற்றில் பறக்கவிட்டு அச்சில் சுறா ஈரல் எண்ணெய் தடவியிருந்தான். அவன் கார் கயிற்றைத் தொடுவதற்குள் ஒரு பூனை அதைக் கவ்விக்கொண்டு ஐஸ் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. விதியைக் காக்க வந்த பூனை என்று பாய் தீர்ப்புச் சொன்னார்.

கடைசிச் சுற்றில் மிஞ்சியது சிவப்புக் காரும் கொடுவாவும். கையை எடுத்ததும் சிவப்பு முந்தியது. பாதிப் பலகையில் கொடுவா சேர்ந்தது. சரிவு முடிந்து மணலில் விரித்திருந்த பலகைக்கு வந்ததும் சிவப்பு மூச்சு வாங்கியது. கொடுவா நிற்கிற எண்ணமே இல்லாமல் கயிற்றைத் தாண்டி, முன்வரிசையில் குந்தியிருந்த துளசிங்கத்தின் கால் கட்டைவிரலில் மோதியது. அவர் வலியில் போட்ட சத்தத்தைக் கூட்டம் வெற்றி முழக்கம் என்று எடுத்துக்கொண்டது.

வேதாசலம் இறங்கி வந்து இரண்டு கார்களையும் இரண்டு கையில் தூக்கினார். எறாவில் ஊறிய கை. ஏமாறாது.

“இது இருநூறு கிடையாது,” என்றார்.

“உங்க தராசுதான் சொல்லிச்சி,” என்றாள் எல்லம்மா.

“உள்ள இன்னாமோ செஞ்சிக்கீற. எடுத்தா கனக்குது.”

“திரும்பப் போட்டுப் பாருங்க.”

போட்டார்கள். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. வேதாசலம் தட்டைத் தட்டினார், சங்கிலியை உதறினார். முள் ஆடிவிட்டு அதே இடத்துக்கு வந்தது.

“எப்பிடி? ரங்கனோடது நூத்தம்பது. இது இருநூறு. ஆனா எடுத்துப் பாத்தா…” என்று ஆரம்பித்தவர், பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்து நிறுத்தினார்.

நிறுத்தத் தாமதமாகிவிட்டது. கௌஸ் மைதீன் பையைத் திறந்து, கடிதம் நிறுக்கும் பித்தளைத் தராசு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். “சந்தேகம்னா இதுல போட்டுப் பாக்கலாம் ஏஜென்ட் சார். அரை கிலோ வரைக்கும் நிறுக்கும். என் சொந்தத் தராசு. பொய் சொல்லத் தெரியாது.”

பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். முன்னால் நின்றவர்கள் மேஜைமேலேயே சாய்ந்தார்கள். அதுவரை காரைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் இப்போது தராசைப் பார்த்தது. துளசிங்கம் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்.

“போடுங்க பாய். புள்ளைங்க காரு முடிஞ்சதும் என் கூடையிலேர்ந்து ஒரு பிடி எறாவும் போட்டுப் பாத்துடலாம். இங்க ஒரு தடவ, அங்க ஒரு தடவ. சும்மா, பொழுதுபோக்குக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வேதாசலத்துக்குப் பயமாக இருந்தது. பித்தளைத் தராசைப் பார்த்தார், தேர்தலை நினைத்தார், சைக்கிளைப் பார்த்தார். பாலிதீன் உறை காற்றில் படபடத்தது.

“எதுக்கு பாய் உங்களுக்கு சிரமம்?” என்றார் மெதுவாக. “விதி விதிதான். ஒன்பதாவதுல போட்டுக்கீறேன்ல. ஷெட் தராசே இறுதி.”

“மறுபேச்சு?” என்றார் பாய்.

“கிடையாது.”

சைக்கிளை அவரே தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். போட்டோ எடுக்க ஆள் ஏற்பாடு செய்திருந்ததால் சிரிக்கவும் வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் எல்லம்மா தட்டு கழுவும்போது அடியில் கை வைத்துப் பார்த்தாள். கீல் உருண்டை இல்லை. சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. தட்டைத் துடைத்து வைத்துவிட்டு எறா கிள்ளப் போனாள். வேதாசலம் அந்த மாதம் முழுக்க எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார். ஆனாலும் தேர்தலில் துளசிங்கத்தின் பங்காளி ஜெயித்தார்.

சைக்கிள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கைப்பிடியில் மணி இல்லை. போட்டோ முடிந்து உறை பிரித்த இடைவெளியில் யாரோ கழற்றியிருந்தார்கள். எல்லம்மா போய்க் கேட்டாள்.

“விதியில இன்னா எழுதிக்கீது?” என்றார் வேதாசலம், கணக்கு நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “சைக்கிள்னுதான். மணினு இல்ல.”

அவள் அட்டையைப் படித்துப் பார்த்தாள். வாஸ்தவம்தான்.

நான்கு நாளில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஐந்தாம் நாள் கூடையைக் கேரியரில் கட்டி, முன்பக்கக் கம்பியில் அம்மாவை உட்கார வைத்துக் காட்டூருக்குக் கிளம்பினாள். கழுத்து திரும்பாத முனியம்மா நேரே சாலையைப் பார்த்தபடி, எதிரில் வந்த ஆடு, மாடு, மாட்டுவண்டி அத்தனையையும் பெயர் சொல்லித் திட்டி ஓரம் கட்டினாள். மணி வைத்திருந்தாலும் அடிக்க அவசியம் வந்திருக்காது.