வீட்டுத் தலைவர் பேர்

சங்கிலிப்பாண்டி. சங்கிலிப்பாண்டி. சங்கிலிப்பாண்டி.

மனதுக்குள் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் சூடு போடப் போவதில்லை. மூக்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் போட்ட பலகையில், மடியில் நோட்டோடு கிதிர் முகம்மது வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுத் தலைவர் பேர் என்னம்மா?" இரண்டாம் தடவையாகக் கேட்டார்.

அந்த முப்பத்தெட்டாம் வருஷம், பெண்பிள்ளைகளையும் சேர்ப்பதற்காக வடகரைப் பள்ளிக்கூடத்தார் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எத்தனை தலை, என்ன தொழில், சொந்த நிலமா, வாரத்துக்கு உழுவதா, படிக்கிற வயதில் எத்தனை பிள்ளைகள், அனுப்பச் சம்மதமா. சம்மதம் சொல்ல வேண்டியவர் வீட்டுத் தலைவர். அவர் ஊரில் இல்லையென்றால் அவருடைய அண்ணன் தம்பி.

மூக்கம்மாள் புருஷனுடைய அண்ணன் பக்கத்திலேயே நின்றார். மூத்தார் சிவனணைந்தபெருமாளுக்கு ஆறு மாடுகள். அவற்றை மலையடிவாரத்தில் மேய்ப்பவள் மூக்கம்மாளின் மகள் பேச்சித்தாய். வயது பத்து.

"எந்தம்பி பேரை நான் சொல்லுதேன், எழுதும். சங்கிலிப்பாண்டி. தொழில் வெவசாயம்."

"இந்த வீட்டு அடுப்புல சாப்பிடுத பெரிய ஆளு வாயால சொல்லணும் அண்ணாச்சி. போன தடவை அடுத்தவுக சொல்லி எழுதினதுல, செத்துப்போன ஏழு பேரு நெல்லு பயிரிட்டிருந்தாக."

தம்பி இந்த அடுப்பில் சாப்பிட்டு ஆறு வருஷமாகிறது. செங்கோட்டையில் வேறொருத்தியோடு இருக்கிறான். அங்கே மூன்று பிள்ளைகள். இங்கே நாற்று நட்டும் கதிர் அறுத்தும் அடுப்பெரித்தவள் மூக்கம்மாள்.

"சொல்லேம்ட்டி. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு தடவை. கல்யாணமான வருஷம், சாரல் நேரத்தில், ஐந்தருவியில். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்தில் இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். "இந்தாருங்க, இந்தாருங்க" என்று கத்தினாள். அங்கே நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள், அவனைத் தவிர. பேரைச் சொன்னாள். திரும்பினான், ஓடினான், பிழைத்தான். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று, வீட்டுக்கு வந்ததும் மாமியார் கரண்டிக் காம்பைக் காய்ச்சினாள். மூத்தார் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிழைத்தவன் பார்த்துக்கொண்டு நின்றான். கீழுதட்டில் தழும்பு ஒரு நெல்மணி அளவுதான்.

போன மாசம் பேச்சித்தாய் கேட்டாள்: "எம்பேரை எப்படிம்மா எழுதுவாக?" தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "நீளமா எழுதுவாக" என்று சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பொய் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

வாத்தியார் மனம் இளகினார். "பேரைச் சொல்லக் கூச்சமா இருந்தா விடுங்கம்மா. அண்ணாச்சி சொல்லட்டும், நீங்க தலையாட்டினாப் போதும்."

"ஆட்டுட்டி" என்றார் மூத்தார்.

மூக்கம்மாளின் தலை அசையவில்லை. "தலையாட்டுனாலும் சொன்ன மாதிரிதான சார்வாள்? அவுக ஆயுசு கொறைஞ்சிரும்."

"வீட்டுத் தலைவர் கட்டத்தை வெறுமனே விடக்கூடாதேம்மா."

"எம்பேரைச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் கொறையாதுல்லா? மூக்கம்மாள். தொழிலு நடவு, அறுப்பு. நெலம் கெடையாது. ஒரே பொட்டப்பிள்ள, பேரு பேச்சித்தாய். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்."

வாத்தியார் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மை தொட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்.

தன் ஆறு மாடுகளும் அந்தக் கட்டத்துக்குள்தான் நின்றன என்பது மூத்தாருக்கு அப்போதுதான் விளங்கியது. குரலை இறக்கினார்.

"ஏட்டி, நானே சொல்லுதேன், ஒரு குத்தமும் வராது. அம்மையும் போய்ச் சேந்துட்டா. இனி ஒன்னய யாரு கேக்கப் போறா? அவன் பேரை ஒரு தடவை சொல்லீரு. சார்வாள் மாத்தி எழுதிக்கிடுவாரு."

வாத்தியாரின் பேனா காத்திருந்தது. மூக்கம்மாள் முந்தானையால் உதட்டை மெல்லத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார்வாள்" என்றாள். "அவுக எங்கன இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."