சுவரில் ஏறிய டயர்த் தடம்

"என்னம்மா, டயர் பஞ்சரா?"

மஃபெட்டெங் ஊர் நிறுத்தத்தில் வேன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கேட்டான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய அலுமினியப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, மாநெயோ சேற்றின் முன்னால் குந்தியிருந்தாள்.

"பஞ்சரெல்லாம் இல்ல தம்பி. உன் வண்டி என்ன அழகா வரைஞ்சு வச்சிருக்கு, இறங்கி வந்து பாரேன்."

"ஏறு தாயி," என்றார் உள்ளேயிருந்த ஒரு பெரியவர். "வரைஞ்சதுக்கும் சேத்துக் காசு கேட்டுடப் போறான்."

வழி முழுக்க அவள் ஆவி படிந்த கண்ணாடியில் அந்த டயர்த் தடத்தின் கோடுகளை விரலால் போட்டுக்கொண்டே வந்தாள். அழிய அழியப் போட்டாள். மறந்துவிடக் கூடாதே.

அவர்கள் வீடு நீளமானது. ஒரே சுவர், அதில் இரண்டு கதவு. ஒன்று மாநெயோவுடையது. மற்றது அவள் கணவனின் அண்ணன் மனைவி மாபேலோவுடையது. சுவருக்குச் சாணியும் மண்ணும் பூசி, ஈரம் காய்வதற்குள் கட்டம் பிரித்து முள்கரண்டியால் கீறும்போதெல்லாம், என்ன வடிவம் என்று சொல்வது மாபேலோதான். மாநெயோ மணமாகி வந்த நாளிலிருந்து பூ இதழ், இதழ், இதழ். ஆனால் வருகிற சனிக்கிழமை பெண் வீட்டார் வரப்போவது மாநெயோவின் மகன் நெயோவுக்காக. இந்த ஒரு தடவையாவது சுவர் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"டயரா?" மாபேலோ சிரித்த சிரிப்பில் தோளிலிருந்த கம்பளி நழுவியது. "ஏண்டி, வர்றவங்க சுவத்து மேல லாரி ஏறிடுச்சான்னு கேக்க மாட்டாங்க?"

"கேக்கட்டும்க்கா. சேத்துல அது எப்படிக் கெடந்துச்சு தெரியுமா?"

"சேத்துல பன்னிகூடத்தான் கெடக்கு. நான் இதழ்தான் போடுவேன்."

"அப்ப எம்பக்கம் டயர்."

"போட்டுக்கோ. சுவர் ரெண்டானா வீடும் ரெண்டாயிடுச்சான்னு ஊர் கேக்கும். பதிலையும் நீயே சொல்லிக்கோ."

அதுதான் மாநெயோவுக்கு உறுத்தியது. இருந்தாலும் விடவில்லை. மறுநாள் காலை இருவரும் சுவரின் இரண்டு கோடியில் ஆரம்பித்து நடுவை நோக்கி வந்தார்கள். கை வேலை பார்க்க, வாய் சும்மா இருக்குமா?

"சோறாக்க யாரடி கூப்பிட்டிருக்க?"

"உங்க தங்கச்சியத்தான்."

"அவளா? அப்ப உப்ப ஒளிச்சு வை."

வெயில் ஏற ஏற மாநெயோவின் பேச்சு குறைந்தது. தள்ளி நின்று பார்த்தாள். சேற்றில் அத்தனை துடிப்பாகக் கிடந்தது இங்கே செத்துக் கிடந்தது. மாபேலோவும் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே பக்கமா சாயுதே. குடிச்சிட்டு வீட்டுக்குப் போறவனுங்க மாதிரி."

மாநெயோ கண் கலங்கியதை மறைக்கக் கரண்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள்.

"இதுக்கா அழுவுற? கரண்டியக் குடு." மாபேலோவுக்கு அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வராது. காலியாக இருந்த அடுத்த கட்டத்தில் அதே கோடுகளை இடவலமாகத் திருப்பிப் போட்டாள். கீழ் வரிசைக் கட்டங்கள் இரண்டையும் ஈரக்கையால் தடவி அழித்து, மேலே இருந்ததைத் தலைகீழாக இறக்கினாள். நாலு கட்டமும் சேர்ந்த இடத்தில் ஒரு பெரிய கண் திறந்தது.

இருவரும் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்கள்.

"சேத்துல இப்படியாடி இருந்துச்சு?"

"இல்லக்கா. இதுல பாதிகூட இல்ல."

மாபேலோ தன் பக்கம் போனாள். வாளித் தண்ணீரை அள்ளி இதழ்களின் மேல் அடித்தாள்.

"ஐயோ அக்கா! காலையிலேர்ந்து பட்ட பாடு!"

"இதழ் எங்க போயிடப் போவுது? தூக்கத்துல எழுப்பினாலும் போடுவேன். இது போட்டுப் பாக்கணும்போல இருக்குடி. வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத, சாணி கொண்டா."

சனிக்கிழமை பெண்ணின் அத்தை முற்றத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். "இது யாரு யோசனை?" என்று மூத்தவளான மாபேலோவிடம்தான் கேட்டாள். இஞ்சிப் பானக் குடத்தோடு வந்த மாநெயோ நடையை மெதுவாக்கினாள்.

"இதோ வர்றாளே, இவதான். வண்டி போன தடத்துல கண்டுபுடிச்சா. இவளத் தவிர யாருக்கு வரும் இந்தப் பைத்தியம்?" மாபேலோ குரலைத் தாழ்த்தினாள். "என்ன, கொஞ்சம் கோணலாப் போட்டுட்டா. நான்தான் நிமித்தி விட்டேன்."

"எது கோணல்?" மாநெயோ குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.