விழுந்த மரத்துக்கு வாய்தா

மேற்குத் தாம்பரத்தில் சபேசன் என்றால் தோத்தாத்ரிதான். நகைச்சுவை நாவலாசிரியர் பூந்தோட்டம் சபேசன் எழுதிய ‘மாடிவீட்டு மன்னார்சாமி’யை ரயிலிலோ கல்யாணப் பந்தியிலோ ரேஷன் கடை வரிசையிலோ, எங்கே கேட்டாலும் ஒப்பிப்பார். டெலிபோன் இலாகாவில் உத்தியோகம், காலனி வாசகர் வட்டத்துக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நர்சரிப் பள்ளிக் கட்டடத்தில் கூடும் அந்த வட்டத்தில், மன்னார்சாமி பெண் பார்க்கப் போய் மாடிப்படியில் மாட்டிக்கொள்ளும் கட்டத்தை அவர் ஆரம்பித்தால் பெஞ்சுகள் குலுங்கும்.

எண்பத்தெட்டில் ஞானம்மாள் வந்து சேர்ந்தாள். சேலையூர்க்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த அன்றைக்கே எழுந்து, “மன்னார்சாமி நல்லாத்தான் இருக்கு சார். சபேசனோட ‘வாய்தா’ படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

அப்படி ஒன்று இருப்பதே தோத்தாத்ரிக்குத் தெரியாது. “அதெல்லாம் சரக்கு தீர்ந்தப்புறம் எழுதினதும்மா” என்று தள்ளிவிட்டார்.

ஆனால் மற்றவர்கள் சொல்லச் சொன்னார்கள். அவளும் சொன்னாள். பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகாமலே போன கதை. அவளுடைய அப்பா வாராவாரம் கிழித்து வைத்து பைண்டு பண்ணியிருந்தார். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஒரு முருங்கை மரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு மழையில் மரம் விழுந்துவிடுகிறது. வழக்கை மட்டும் இருவரும் விடவில்லை. ஒரே பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய், ஒரே ஓட்டலில் சாப்பிட்டு, விழுந்த மரத்துக்கு வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

கூட்டம் சிரித்தது. அப்புறம், அவள் மெதுவாகக் கதையை முடித்தபோது, யாரும் பேசவில்லை. தோத்தாத்ரிக்குக் கைதட்டல் நிறைய கிடைத்திருக்கிறது. அந்த மௌனம் ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

வயிறு எரிந்தது. அதில் எண்ணெய் வார்த்தவள் அவர் மனைவி சுந்தரவல்லி. அன்றைக்கே ஞானம்மாளிடம் பைண்டு வால்யூமை இரவல் வாங்கி வந்துவிட்டாள். மறுநாள் அவர் ஆபீசிலிருந்து வீடு திரும்பியபோது அடுக்களையிலிருந்து ஒரு சத்தம். பால் பொங்கி வழிய, சுந்தரவல்லி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மன்னார்சாமியை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். ஒரு புன்சிரிப்புக்கு மேல் பெயர்ந்ததில்லை.

“அப்படி என்ன சிரிப்பு?”

“நீங்களே படிச்சுப் பாருங்கோ.”

படித்தார், குறை கண்டுபிடிக்க. கிண்டி வரைக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே பக்கம் பக்கமாகத் தேடினார். ஒரு ஆள் படுத்த படுக்கையாகிவிட, இன்னொருவர் தனியாகக் கோர்ட்டுக்குப் போய் எதிராளிக்காக வாய்தா கேட்கிற இடம் வந்தது. எழுத்து கலங்கியது. இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விட்டார். சந்தோஷப்பட முடியவில்லை. ‘இந்தச் சபேசனை இவள் இத்தனை வருஷமாகத் தனியாக வைத்துக்கொண்டு அனுபவித்திருக்கிறாளே’ என்ற ஆத்திரம்தான் மூண்டது.

சபேசன் நினைவு நாள் கூட்டத்தில் ‘வாய்தா’ பற்றிப் பேசுவதாக ஞானம்மாள் ஒப்புக்கொண்டிருந்தாள். செயலாளர் என்ற முறையில் முதலில் மைக்கைப் பிடித்தவர் தோத்தாத்ரி. வரவேற்புரை என்று ஆரம்பித்து, முருங்கை மரம், பஸ், ஓட்டல், எதிராளிக்கு வாய்தா என்று அவளுடைய கதை முழுவதையும் அவரே சொல்லி முடித்துவிட்டார். நன்றாகவும் சொன்னார். எதிர்பார்த்த மௌனமும் வந்தது. முன்வரிசையில் சுந்தரவல்லி மட்டும் அவரைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஞானம்மாள் எழுந்தாள். முகம் சுண்டிப்போயிருக்கும் என்று பார்த்தார். அது மலர்ந்திருந்தது.

“எங்க அப்பா போனப்புறம் ‘வாய்தா’வைப் பத்திப் பேச எனக்கு ஆளே இல்ல. சார் என்னைவிட அழகாச் சொல்லிட்டார். நான் வேற ஒண்ணு சொல்றேன்” என்று, ஒரே ஒரு தடவை மேடையேறிப் படுத்துப்போன சபேசனின் நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். பல் செட்டைத் தொலைத்த பாகவதர் கச்சேரிக்குப் போகிற கதை. அதையும் தோத்தாத்ரி கேள்விப்பட்டதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சமாளித்துப் பார்த்தார். பாகவதர் ஜாடையிலேயே மிருதங்கக்காரரைத் திட்டும் இடத்தில் முடியவில்லை. மேடையிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனார். “அந்த நாடகம்… இரவல் கிடைக்குமாம்மா?”

“ஐயோ, இப்பத்தானே மாமி வாங்கிக்கிட்டாங்க சார். அவங்க முடிச்சதும் நீங்க படிங்க.”

வீட்டுக்கு நடக்கும்போது சுந்தரவல்லி அந்த நாடகப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். தோத்தாத்ரியின் பொறாமை இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

“ராத்திரி நான் உரக்கப் படிக்கட்டுமா? ரெண்டு பேருமே கேக்கலாம்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“சிரிப்பு வர்ற இடத்துக்கு முன்னாடியே நீங்க சிரிச்சுடறேள். நான் எப்பத்தான் சிரிக்கறது?”

“சரி, நீ படி. நான் கேக்கறேன்” என்றார் தோத்தாத்ரி.