கேட் பலகையில் விட்டுப்போன பிறந்தநாள்

எங்கள் டிப்போவில் வண்டியை எடுக்குமுன் டயரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, பலகையைப் பார்த்துவிடுவார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கரும்பலகைதான். தினமும் காலையில் டைம் கீப்பர் சார் அதில் ஒரு சொல், அதன் பொருள், ஒரு நல்ல சிந்தனை, வரலாற்றில் அன்று நடந்தது, அன்று பிறந்த பெரியவர்கள் என்று எழுதுவார். கடைசியில், அன்று பிறந்த எங்கள் ஆட்கள். இதனாலேயே அவருக்கு அகராதி என்று பட்டப்பெயர். ஒருநாள் 'உசாத்துணை' என்று எழுதி, சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கும் நூல் என்று பொருளும் போட்டு வைத்தார். அந்த வாரம் முழுக்க ஸ்பேனர் கேட்கிறவன்கூட அந்த உசாத்துணையை எடு என்றான். எனக்கு இந்தப் பொன்மொழிச் சமாச்சாரமெல்லாம் ஆகாது. உழைப்பே உயர்வு என்று எழுதிவிட்டு, இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டினால் எரிச்சல் வருமா வராதா?

ஆனால் அந்தக் கடைசி வரி வேறு விஷயம். அதில் தன் பெயர் வந்துவிட்டால், முரட்டு மெக்கானிக்கூட வேலையே இல்லாமல் அந்தப் பக்கம் நாலு தடவை நடப்பான்.

நான் கண்டக்டர். என் வண்டியின் டிரைவரை அண்ணன் என்பேன்; அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய ஒரே மகன் இதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்தான். வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகையில் லாரி மோதி இறந்துபோனான். அண்ணன் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். அழவில்லை. பேச்சு வந்தால், அவன் லேசில் எழுந்திருக்க மாட்டான் என்பார், வீட்டில் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பவனைச் சொல்வதுபோல. யாரும் திருத்தவில்லை. எந்த வாயால் திருத்துவது?

அவன் பிறந்தநாள் நெருங்க நெருங்க எங்களுக்குள் இதே பேச்சுதான். பலகையில் பெயரைப் பார்த்ததும் இந்த மனுஷன் உடைந்துவிட்டால்? அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவதும் அவர்தானே. எழுத வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார், மெக்கானிக்குகள் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

அன்று காலை பலகையில் மற்றதெல்லாம் இருந்தது. எங்கோ ஒரு பாலம் திறந்த நாள் அது. யாரோ ஒரு வானியல் அறிஞர் பிறந்த நாளும்கூட. அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். அதற்குக் கீழே, எங்கள் ஆட்களுக்கான இடத்தில் ஒன்றும் இல்லை. சார் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவேறு வைத்திருந்தார். அது மட்டும் கன்னங்கரேலென்று கண்ணைப் பறித்தது. சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

அண்ணன் சீருடையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார். நேராகப் பலகை முன் போய் நின்றார். நான் டிக்கெட் மெஷினை நோண்டுவதுபோலப் பாவனை செய்தேன்.

"சார், இன்னைக்கு நம்ம ஆளுங்க யாரும் பிறக்கலையா?"

எழுத இடமில்லை என்று சார் மென்று விழுங்கினார். இரண்டு முழத்துக்கு இடம் சும்மா கிடந்தது. அண்ணன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். அவர் அந்த வானியல் அறிஞரைத்தான் விரலால் காட்டினார்.

"இவரு செத்து எரநூறு வருஷமாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவருக்குப் பிறந்தநாள் இருக்கு. என் பையனுக்கு மட்டும் அதுக்குள்ள இல்லாமப் போச்சா?"

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகையாக வந்தது.

சார் சாக்பீஸை எடுத்துத் துடைத்த இடத்துக்குப் போனார். அண்ணன் தடுத்தார். அது வேலைக்கு வருகிறவர்களுக்கான இடம் என்றார். மேலே அறிஞருக்கு அடுத்த வரியில் எழுதச் சொன்னார். சார் பெயரை எழுதினார். மெக்கானிக் என்று எழுதினார். அடைப்பைத் திறந்து, பிறந்த வருஷத்தைப் போட்டு, கோடு இழுத்தார். அதற்குமேல் கை ஓடவில்லை. அப்படியே அடைப்பை மூடப்போனார்.

"முழுசா எழுதணும் சார்."

அண்ணன் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். இத்தனை நாள் வாயால் சொல்லாததை, ஒவ்வொரு இலக்கமாக, தன் கையாலேயே எழுதினார். எழுதியது இந்த வருஷம். அடைப்பை மூடினார். பிறகு பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, மகன் செத்துப்போய்விட்டான் என்று சத்தம்போட்டு அழுதார்.

வண்டி எடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. விசில் கொடுக்க வேண்டியவள் நான்தான். கொடுக்கவில்லை.